ஒரு சதுர அடி 8 ரூபாய்!

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் 11 வருஷம் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் குப்பை கொட்டியவன். எது டெபிட், எது கிரெடிட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அடுத்தவர் கணக்கில் 3 ரூபாய் உதைத்தால், ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

அப்பேர்ப்பட்ட நான் சொந்தமாக ஒரு தொழில் ஆரம்பித்து, ஐந்தரை வருஷம் நஷ்டத்தில் ஓட்டினேன். அதுவும் நஷ்டம் என்றே தெரியாமல்!

தொழில், கார்ப்பெட் கழுவுவது. கூடவே சோபா.

'மெட்ராஸில் கார்ப்பெட்டா? வேர்த்து வழிகிற ஊரில் எவன் சார் கம்பளம் விரிக்கிறான்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என் மாமனாரும் இதையேதான் கேட்டார். ஆனால் இருக்கிறது. வீடுகளில் ஹால் நடுவே, டீப்பாய்க்கு அடியில், ஆறுக்கு ஒன்பது சைஸில் ஒன்று கிடக்கும். ஏஸி ஆபீஸ்களில் சுவருக்குச் சுவர் ஒட்டியிருப்பார்கள். கல்யாண மண்டபத்தில் வாசலிலிருந்து மேடைவரை சிவப்புக் கம்பளம். அதன்மேல் பாயசம், சந்தனம், வெற்றிலைச் சாறு, ஐஸ்கிரீம் என்று ஒரு முழு முகூர்த்தமே உறைந்திருக்கும்.

2013 ஜூன் மாசம் வேலையை விட்டேன். மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. 85,000 ரூபாய்க்கு ஒரு மெஷின் வந்தது. வெந்நீரைக் கம்பளத்துக்குள் பீய்ச்சி அடித்து, அடுத்த நொடியே அழுக்கோடு உறிஞ்சி எடுக்கிற மெஷின். பழைய ஆம்னி வேன் ஒன்று. விழுப்புரம் பக்கத்திலிருந்து உதவிக்கு ஒரு தம்பி. அவன் பெயர் இங்கே வேண்டாம். தம்பி என்றே வைத்துக்கொள்வோம்.

எல்லாம் ரெடி. ரேட் என்ன வைப்பது?

மிகவும் விஞ்ஞானபூர்வமாக முடிவு செய்தேன். ஏற்கெனவே இந்தத் தொழிலில் இருந்த இரண்டு பேருக்கு, வாடிக்கையாளர் மாதிரி குரலை மாற்றிக்கொண்டு போன் போட்டேன். ஒருத்தர் சதுர அடிக்கு 10 ரூபாய் என்றார். இன்னொருத்தர் 9 என்றார். நான் 8 என்று வைத்துவிட்டேன். அவ்வளவுதான், என் விலை நிர்ணயம் முடிந்தது. மொத்தம் நாலு நிமிஷம்.

அந்த 10 ரூபாய்க்காரர் எப்படி 10 வைத்தார்? தெரியாது. அவரும் யாருக்காவது குரலை மாற்றிக்கொண்டு போன் போட்டிருப்பார்!

* * *

சதுர அடிக் கணக்கில் இருக்கிற மோசடி எனக்குப் புரியவே வருஷக்கணக்கானது. மோசடி என்றால் வாடிக்கையாளரை அல்ல, நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிற மோசடி.

ஆறுக்கு ஒன்பது கம்பளம் 54 சதுர அடி. எட்டு ரூபாய் வீதம் 432 ரூபாய். கழுவுகிற நேரம் இருபது நிமிஷம்தான். 'அட, இருபது நிமிஷத்துக்கு 432 ரூபாயா!' என்று நானே முதலில் பூரித்துப்போனேன்.

இப்போது மீதியைக் கேளுங்கள். சூளைமேட்டிலிருந்து அடையாறு போக ஒரு மணி நேரம். அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் கெஞ்சி வேனை உள்ளே விட கால் மணி. லிஃப்டில் மெஷின் ஏற்ற செக்ரட்டரி அனுமதி இல்லை என்பதால், மூன்றாவது மாடிக்கு இருவரும் தூக்கிக்கொண்டு போக இன்னொரு கால் மணி. டீப்பாயை நகர்த்த, அதன்மேல் இருக்கிற தஞ்சாவூர் பொம்மையை அவர்களே எடுத்து வைக்கும்வரை காத்திருக்க, பிளக் பாயின்ட் தேட. அப்புறம் வேக்குவம். கம்பள அழுக்கில் பெரும்பகுதி காய்ந்த மண்ணும் தூசியும்தான். அதை முதலில் உறிஞ்சி எடுக்காமல் தண்ணீர் விட்டால் சேறாகிவிடும். அப்புறம் மருந்து தெளித்து, அது ஊறப் பத்து நிமிஷம். அதற்கப்புறம்தான் அந்த இருபது நிமிஷக் கழுவல். முடிந்ததும் மறுபடி எல்லாம் மாடியிறங்க வேண்டும்.

ஆக 54 சதுர அடிக்கு அரை நாள். 108 சதுர அடி என்றால்? அதே அரை நாளோடு கூட ஒரு அரை மணி. செலவு ஒட்டிக்கொண்டிருப்பது சதுர அடியில் இல்லை. வீட்டு வாசலை மிதிப்பதில்! இதை யாராவது முதல் நாளே என் மண்டையில் அடித்துச் சொல்லியிருக்கலாம்.

போதாக்குறைக்கு என் வாய். மயிலாப்பூரில் ஒரு மாமி. எனக்குக் கிடைத்த முதல் பத்து வாடிக்கையாளர்களில் ஒருவர். போனதும் டிகிரி காபி வந்துவிடும். காபியை நான் குடித்து முடிக்கிற நேரம் பார்த்து, "ஏம்ப்பா, போன தடவை நானூறுதானே வாங்கிண்டே?" என்பார். போன தடவை 432. ஆனால் காபி உள்ளே போய்விட்டதே! "சரி மாமி, நானூறே குடுங்க." அடுத்த தடவை, "ஏம்ப்பா, முந்நூத்தம்பதுதானே..."

ஒரு காபிக்கு 50 ரூபாய் வீதம் நான் குடித்த காபிகளைக் கணக்குப் பார்த்தால், நட்சத்திர ஹோட்டலிலேயே குடித்திருக்கலாம்.

தீபாவளிக்கு 20 சதவிகிதத் தள்ளுபடி வேறு. அந்த மாசம் போன் அடித்துக்கொண்டே இருக்கும். தம்பியும் நானும் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி பத்துக்குத் திரும்புவோம். 'பிஸினஸ் பிச்சுக்கிட்டுப் போகுது' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிய்த்துக்கொண்டுதான் போனது. எது என்பதுதான் தெரியவில்லை.

* * *

2015 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அடையாற்றில் தண்ணீர் கரைபுரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டை எல்லாம் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் என் போன் சூடாகிவிட்டது. "எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல சார், வந்து கழுவிக் குடுங்க."

நண்பர் ஒருவர், "30 ரூபா கேளுடா. இப்ப விட்டா எப்பச் சம்பாதிப்பே?" என்றார்.

கேட்கவில்லை. தியாகி ஆகும் ஆசையெல்லாம் இல்லை. போய்ப் பார்த்தால் பாதி வீடுகளில் சாக்கடை கலந்த தண்ணீரில் நாலு நாள் ஊறிய கம்பளம். அதைக் கழுவக் கூடாது. தூக்கித்தான் போட வேண்டும். என்ன மருந்து அடித்தாலும் உள்ளே இருக்கிற கிருமி போகாது. "போட்ருங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குக் காசு கேட்க வாய் வரவில்லை. மழைத் தண்ணீர் மட்டும் பட்ட சோபாக்களுக்கு அதே பழைய ரேட். அது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஊர் அழுதுகொண்டிருக்கும்போது விலையை ஏற்றுவது வேறு. அமைதியாக இருக்கிற ஏப்ரல் மாசத்தில் முன்கூட்டிச் சொல்லி ஏற்றுவது வேறு. என் தப்பு, இரண்டாவதையும் செய்யாமல் இருந்தது.

2013-ல் 8 ரூபாய். 2015-ல் 8. 2018-லும் 8! நடுவில் மருந்து விலை, வேன் இன்ஷூரன்ஸ், ஸ்கூல் ஃபீஸ், தக்காளி என எல்லாம் ஏறின. என் ரேட் மட்டும் ஆணி அடித்த மாதிரி நின்றது. 'ஏத்தினா ஓடிடுவாங்க' என்ற பயம்தான். ஆபீஸில் இன்க்ரிமென்ட் தரவில்லை என்று கேன்டீனில் உட்கார்ந்து முதலாளியைத் திட்டியவன்தான் நான். இப்போது முதலாளியும் நானே, இன்க்ரிமென்ட் கொடுக்காதவனும் நானே. திட்டக்கூட ஆளில்லை.

ஒரு பெரிய வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். காஷ்மீர் பட்டுக் கம்பளம். ஏழுக்கு ஐந்து, 35 சதுர அடி. நம்ம ரேட்படி 280 ரூபாய். இந்த மாதிரிக் கம்பளத்தை எடுத்தவுடன் நனைக்கக் கூடாது. ஓரத்தில் ஒரு மூலையில் ஈர வெள்ளைத் துணியை வைத்து அழுத்தி, சாயம் துணியில் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு அது தெரியும். ஆனால் அன்றைக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி. 280 ரூபாய் வேலைக்கு எவ்வளவு நேரம்தான் நிற்பது? பார்க்கவில்லை. சிவப்பு, வெள்ளைப் பூவுக்குள் இறங்கிவிட்டது.

அந்த அம்மா கத்தவில்லை. "எங்க அப்பா ஸ்ரீநகர்லேர்ந்து வாங்கிட்டு வந்தது" என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை. 15,000 ரூபாயை மூன்று தவணையில் கொடுத்தேன். அந்தக் கம்பளத்துக்கு அது காணாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

* * *

2018 நவம்பர். தம்பி ஒருநாள் வேனில் உட்கார்ந்தபடி, என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணே, தங்கச்சிக்கு மாப்ள பாத்திருக்கு. மாசம் பதினஞ்சு ஆக்கிக் குடுத்தீங்கன்னா..."

அப்போது அவன் சம்பளம் 12,000. ஐந்தரை வருஷமாக என்னோடு மெஷினைத் தூக்கியவன். இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டுதான் மாடி ஏறுவான். வெந்நீர் பட்ட தழும்பு வலது கையில் இருக்கும்.

"பாக்கலாம்பா" என்றேன்.

'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று ஆபீஸ் போகிற உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவனுக்கும் தெரிந்திருந்தது. டிசம்பர் சம்பளம் வாங்கிக்கொண்டு, வேன் சாவியை டேபிள்மேல் வைத்துவிட்டு, "வர்றேண்ணே" என்று போனான். பொங்கலுக்கு அப்புறமும் வரவில்லை.

தனியாக மெஷினைத் தூக்கிப் பார்த்தேன். நாலாவது நாள் முதுகு பிடித்துக்கொண்டது. குப்புறப் படுத்து, மனைவி தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேச்சு வந்தது. அவள் ஸ்கூலில் கணக்கு டீச்சர். ஐந்தரை வருஷமாக வீடு ஓடியது அவள் சம்பளத்தில். அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

"ஏங்க, மாச வரவு செலவைச் சொல்லுங்க. எழுதறேன்."

குப்புறப் படுத்தபடியே சொன்னேன். மாசம் சராசரி 25 வீடு. வீட்டுக்குச் சராசரி பில் 1,000 ரூபாய், சோபாவும் சேர்த்து. வரவு 25,000. செலவு: தம்பிக்கு 12,000. பெட்ரோல், வேன் ரிப்பேர் 4,500. மருந்து 1,750. போன், விளம்பரம் 1,000.

"மெஷின்?"

"அதுதான் வாங்கியாச்சே."

"சாகவே சாகாதா அது? 85,000. அஞ்சு வருஷம் உழைக்கும்னு வெச்சா, வருஷத்துக்கு 300 வீடு, 1,500 வீடு. வீட்டுக்கு 57 ரூபா. மாசம் 1,425." எழுதிக்கொண்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. தேய்மானம்! அக்கவுண்ட்ஸில் நான் கரைத்துக் குடித்த சமாசாரம். கம்பெனி நாற்காலிக்கெல்லாம் தேய்மானம் போட்டவன் நான்.

கூட்டினாள். செலவு 20,675. மிச்சம் 4,325.

"தம்பிக்குப் பன்னண்டாயிரம். முதலாளிக்கு நாலாயிரத்து முந்நூத்தி இருபத்தஞ்சு. ஏங்க, இதுல உங்க சம்பளம் எங்க?"

"லாபம்தானே என் சம்பளம்?"

"மாடிக்கு மெஷின் தூக்குறதுக்குப் பேரு லாபமா? அது கூலி. நீங்க ஒரு நாள் போகலேன்னா, உங்க எடத்துல ஒரு ஆளைப் போட்டா அவனுக்கு என்ன குடுப்பீங்களோ அது செலவு. அதுக்கு மேல நிக்கிறதுதான் லாபம்."

அப்புறம் அவள் கணக்கைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டாள். முதல் வரியில் என் சம்பளம், 25,000. இரண்டாவது வரியில் உதவியாளுக்கு 15,000. பிறகு வேன், மருந்து, மெஷின், போன். மொத்தம் 48,675. அதை 25 வீட்டால் வகுத்தாள். வீட்டுக்கு 1,947 ரூபாய்!

நான் வாங்கிக்கொண்டிருந்தது ஆயிரம். அதிலும் மாமிக்கு 50 ரூபாய் காபித் தள்ளுபடி.

* * *

ஒரே நாளில் இரண்டு மடங்கு ஏற்ற முடியுமா? முடியாது. ஆனால் எவ்வளவு ஏற்றினால், எத்தனை பேர் ஓடினால் தாங்கும் என்று கணக்குப் போடலாம். இதுதான் எனக்குத் தெரிந்ததிலேயே உபயோகமான கணக்கு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு வீட்டுக்குப் போனால் மட்டும் ஆகிற செலவு என்று ஒன்று உண்டு. பெட்ரோல், மருந்து, மெஷின் தேய்மானம். எனக்கு அது சுமார் 250 ரூபாய். உதவியாள் சம்பளம், இன்ஷூரன்ஸ் எல்லாம் வீட்டுக்குப் போனாலும் போகாவிட்டாலும் உண்டு. ஆகவே 1,000 ரூபாய் பில்லில் கையில் நிற்பது 750. 25 வீட்டுக்கு 18,750.

20 சதவிகிதம் ஏற்றினால் பில் 1,200. கையில் 950. அதே 18,750 வர எத்தனை வீடு வேண்டும்? 20 வீடு போதும். அதாவது 25-ல் ஐந்து பேர் கோபித்துக்கொண்டு போனாலும் எனக்கு ஒரு பைசா நஷ்டமில்லை; ஐந்து வீட்டு மாடிப்படி மிச்சம்.

இப்போது என் தீபாவளித் தள்ளுபடியைப் பாருங்கள். 20 சதவிகிதம் குறைத்தால் பில் 800. கையில் 550. அதே 18,750-க்குக் கிட்டத்தட்ட 34 வீடு கழுவ வேண்டும். ஒன்பது வீட்டுக்கு இலவசமாக உழைத்துவிட்டு, 'பிஸினஸ் பிச்சுக்கிட்டுப் போகுது' என்று பெருமைப்பட்டிருக்கிறேன்!

2019 ஏப்ரல் 1 முதல் சதுர அடிக்கு 10 ரூபாய். சோபா ஒரு ஸீட் 150-லிருந்து 180. எவ்வளவு சின்னக் கம்பளமானாலும் வீட்டுக்கு வந்தால் குறைந்தது 900 ரூபாய். முடிவு செய்தாயிற்று. எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் சொல்ல வேண்டும். ஒரு கடிதம் எழுதினேன். 'பேரன்புடையீர்' என்று ஆரம்பித்து, டீசல் விலை (என் வேன் பெட்ரோலில் ஓடுவது வேறு விஷயம்), ரூபாய் மதிப்பு, தவிர்க்க முடியாத சூழ்நிலை, ஆழ்ந்த வருத்தம் என்று மூன்று பக்கம். மனைவி படித்துவிட்டு, "யாரு செத்துட்டாங்க?" என்றாள்.

அவள் வெட்டிக் கொடுத்தது மூன்றே வரி. புது ரேட் இது, இந்தத் தேதியிலிருந்து, மார்ச் 31-க்குள் சொல்கிறவர்களுக்குப் பழைய ரேட். வருத்தம் கிருத்தம் எதுவும் இல்லை. வருத்தப்பட்டால், 'அப்ப ஏத்தாதேயேன்' என்றுதானே எதிராளி சொல்வான்?

மார்ச்சில் போன் குவிந்தது. பழைய ரேட்டில் கழுவிக்கொள்ள அவசரம். ஏப்ரலில் கப்சிப். முதல் பதினைந்து நாளில் நாலே நாலு வீடு. ராத்திரி படுத்தால் தூக்கம் வராது. போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், சார்ஜ் தீர்ந்துவிட்டதோ என்று. 'எல்லாருக்கும் பழைய ரேட்டே என்று மெசேஜ் போட்டுவிடலாமா?' என்று டைப்கூட அடித்துவிட்டேன். அனுப்பவில்லை. அது தைரியமில்லை, மனைவி பக்கத்தில் இருந்தாள்.

மே மாசம் மெள்ள மெள்ள வந்தார்கள். அந்த மூன்று மாசத்தைக் கூட்டிப் பார்த்தால் மாசத்துக்குச் சராசரி 21 வீடு. நாலு வீடு குறைவு. கையில் நின்றது மாசம் 1,200 ரூபாய் அதிகம். பெரிய புதையல் இல்லை. ஆனால் வேலை குறைந்து வரவு கூடியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஓடிப்போனவர்கள் யார் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் பேரம் பேசியவர்கள், கறை போகவில்லை என்று மூன்று தரம் கூப்பிட்டவர்கள், கடைசியில் '500-க்குச் சில்லறை இல்லியே' என்றவர்கள். நல்ல வாடிக்கையாளர்களில் பலர், விலை ஏறியதையே கவனிக்கவில்லை! ஒருத்தர், "அஞ்சு வருஷமா ஏத்தாம இருந்தீங்களே, கட்டுப்படியாகுதான்னு நெனச்சேன்" என்றார். நினைத்தாராம். சொல்லவில்லை.

மாமி?

போனேன். காபி வந்தது. குடித்தேன். "ஏம்ப்பா, போன தடவை..."

"மாமி, இப்ப தொள்ளாயிரம்."

இப்படிச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். காரணம் சொல்ல ஆரம்பித்தால் தொலைந்தோம். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அரை மணி நேரம் மாதிரி இருந்தது. பத்து வினாடிகூட இருக்காது.

"அநியாயமா இருக்கே!" என்றார் மாமி. பிறகு உள்ளே போய், அலமாரி மேலிருந்து சுருட்டிவைத்த இன்னொரு கம்பளத்தை எடுத்து வந்து போட்டார். "தொள்ளாயிரம்னா இதையும் சேர்த்துக் கழுவிட்டுப் போ." இரண்டும் சேர்ந்து 90 சதுர அடி. கணக்கு மிகச் சரி! அந்த மாமியை ஏதாவது ஒரு கம்பெனிக்கு ஃபைனான்ஸ் டைரக்டராகப் போடலாம்.

* * *

2020 மார்ச்சில் லாக்டவுன். மாசக்கணக்கில் வீட்டுக்குள் யாரையும் யாரும் விடவில்லை. அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் மெஷின் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கியது. 2021-ல் மறுபடி ஓட ஆரம்பித்தபோது சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியிருந்தது. 12 ரூபாய் ஆக்கினேன். 2023-ல் 14. இப்போது 16, வீட்டுக்குக் குறைந்தது 1,800. ஒவ்வொரு தடவையும் அதே மூன்று வரி மெசேஜ், அதே தூக்கமில்லாத ஏப்ரல். பழகவே இல்லை.

பட்டுக் கம்பளத்துக்குத் தனி ரேட். அதிகம்தான். அந்த ரேட்டுக்குள் வெள்ளைத் துணிச் சோதனைக்கு வேண்டிய நேரமும், எனக்கு வேண்டிய பயமும் அடக்கம். சாயம் இறங்கினால் தொடமாட்டேன். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

ஆபீஸ்கள் விஷயத்தில் இன்னொரு பாடம். பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஒரு கம்பெனி. 4,000 சதுர அடி. "வால்யூம் இருக்கே" என்று அடித்துப் பேசி மிகவும் குறைத்தார்கள். இரண்டு சனிக்கிழமை ராத்திரி விடிய விடியக் கழுவினோம். பணம் வந்தது நாலு மாசம் கழித்து. கடன் கொடுப்பதும் விலைக் குறைப்புதான் என்று அப்போதுதான் உறைத்தது. குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளைக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. தாமதித்தால் வட்டியும் உண்டு. அந்தச் சட்டத்தைக் காட்டி நான் சண்டை போட்டால் அடுத்த வருஷம் கூப்பிடுவார்களா? ஆனால் உத்யம் பதிவு மட்டும் செய்துவைத்தேன். 2023-24 நிதியாண்டிலிருந்து ஒரு வேடிக்கை நடந்தது. எங்களைப் போன்றவர்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத பாக்கியை, அந்த வருஷ வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்று விதி வந்துவிட்டது. 2024 மார்ச் கடைசி வாரம் அந்த அக்கவுண்ட்ஸ்காரர்களே எனக்குப் போன் செய்து, "சார், உங்க பாக்கி ஏதாவது இருக்கா?" என்று குழைந்தார்கள். பதினொரு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, 'செக் ரெடியாகலை, அடுத்த வாரம் வாங்க' என்று சொன்னவன் நான். அந்தக் குழைவை ரசித்தேனா என்று கேட்காதீர்கள்.

* * *

போன வருஷம் வளசரவாக்கத்தில் ஒரு வீட்டில், "உங்க கிட்ட இருந்த பையனே எட்டு ரூபாய்க்குப் பண்றானே சார்?" என்றார்கள்.

சுருக்கென்றது. தம்பிதான். செகண்ட் ஹாண்டில் ஒரு மெஷின் வாங்கி, டூவீலர் பின்னால் கட்டிக்கொண்டு, என் ஏரியாவிலேயே சுற்றிக்கொண்டிருந்தான். அதே எட்டு ரூபாய். எங்கே கற்றுக்கொண்டிருப்பான்? மூன்று நாலு வீடு அவனிடம் போய்விட்டது. ராத்திரி வீட்டில் பொருமினேன். மனைவி, "நீங்க குடுக்காத மூவாயிரத்தை அவன் தேடிக்கிட்டிருக்கான்" என்றாள். அதற்கப்புறம் நான் பேசவில்லை.

இந்தத் தை மாசம் அவனே போன் செய்தான். ஆறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. குரல் மட்டும் மாறவில்லை.

"அண்ணே... எட்டு ரூபா கட்டுப்படியாகலண்ணே. ஒரு பையனைச் சேத்திருக்கேன், அவனுக்குச் சம்பளம் குடுத்தா ஒண்ணும் நிக்கல. நீங்க எப்படிண்ணே பண்றீங்க?"

வடபழனியில் ஒரு டீக்கடையில் பார்த்தோம். இளைத்திருந்தான். இடுப்பு பெல்ட் சட்டைக்கு மேலேயே தெரிந்தது. தங்கச்சி கல்யாணம் அந்த வருஷமே முடிந்துவிட்டதாம், கடன் வாங்கி. பத்திரிகை வைக்க என் வீட்டுக்கு வந்தானாம். நாங்கள் ஊரில் இல்லையாம். அதை அவன் சொன்னபோது டீயை ஆற்றுகிற மாதிரி நான் குனிந்துகொண்டேன்.

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தான். தீர்க்கமாக எழுதி வைத்திருந்தான். பெட்ரோல், மருந்து, பையன் சம்பளம், மெஷின் ரிப்பேர், டூவீலர் தவணை. மொத்தம் கூட்டியிருந்தான். நான் மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தேன்.

"உன் சம்பளம் எங்கடா?"

"அதான் மிச்சம் நிக்கிறதுண்ணே."

நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பி, முதல் வரியில் அதை எழுதச் சொன்னேன். எவ்வளவு எழுதுவது என்று தெரியாமல் ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தான். 12,000 என்று எழுதினான். அடித்துவிட்டு 20,000 எழுதச் சொன்னேன். அதை வைத்து வகுத்துக் காட்டினேன். வீட்டுக் கணக்கைப் பார்த்ததும், "குடுப்பாங்களாண்ணே?" என்றான்.

"கொஞ்ச பேர் குடுக்க மாட்டாங்க."

டீக்குக் காசு அவன்தான் கொடுத்தேன் என்று பிடிவாதம் பிடித்துக் கொடுத்தான். இரண்டு டீ, 30 ரூபாய். "முன்னாடி இங்க பன்னண்டு ரூபாதான்ணே" என்றான் வெளியே வந்ததும். "எப்ப ஏத்தினான்னே தெரியல."